இரவல் முட்டியில் ஊறிய எலுமிச்சை

ஆங்கீரச வருஷம், மாசி 3, செவ்வாய்

எலுமிச்சை ஏழு, இஞ்சி கட்டைவிரல் அளவு, கருப்பட்டி அரை வட்டு, உப்பு இரண்டு கல். இன்றைக்குப் பக்குவம் வந்துவிட்டது! நேற்று வந்தது கஷாயம். முந்தாநாள் வந்ததை மாட்டுக்கு வைத்தேன், அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்று வந்ததுதான் மனிதன் குடிப்பது. இரண்டு செம்பு குடித்தேன்.

கற்பூரம் அணைத்து இன்றோடு இருபத்தெட்டு நாள். அந்தக் கதையை இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன். பட்டிப் பொங்கலன்று கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வண்டி ஓட்டி வந்தேன். வண்டியில் மயிலா இருந்தாள். என் மகள், ஆறு வயது. சக்கரத்தை வாய்க்காலில் விட்டேன். குழந்தைக்கு வலது கை முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் என் சம்சாரம் கமலாத்தாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்பராம்பாளையம் போய்விட்டாள், தன் அண்ணன் ஆறுமுகசாமி வீட்டுக்கு.

மூன்று நாள் கழித்து மாரியம்மன் கோயில் முன்னால், மச்சான் ஆறுமுகசாமி பார்க்க, உள்ளங்கையில் எரிந்த கற்பூரத்தை மூடி அணைத்துச் சத்தியம் செய்தேன். பங்குனியில் வரும் அம்மன் திருவிழா, அந்த நோம்பி வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன். தொடாமல் இருந்தால் கமலா மாவிளக்கு எடுக்க வருவாள். தொட்டால் வரமாட்டாள், அதற்குப் பிறகும் வரமாட்டாள். மச்சான் மூலம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்.

மாடு கட்டுத்தறிக்குத் திரும்பும் நேரத்தில் கை தானாகச் செம்பைத் தேடுகிறது. சரி, செம்பைக் கொடுப்போம், உள்ளே வேறொன்றை ஊற்றுவோம் என்று தோன்றியது. எவ்வளவு பெரிய யோசனை! எனக்கா தோன்றியது?

மாசி 4, புதன்

இஞ்சி கூடிவிட்டது. கண்ணில் தண்ணீர். ஆனால் கள்ளுக்கடை ஞாபகமே வரவில்லை. தொண்டை எரிகிறவனுக்கு வேறு ஞாபகம் எங்கிருந்து வரும்?

மாசி 7, சனி

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போனேன். கடலைக்காய் விதை பார்க்கப் போனவன் நன்னாரி வேரோடு திரும்பினேன். ஆனைமலையிலிருந்து இறங்கி வந்த மலசர் பெண்பிள்ளை கட்டுக் கட்டாக வைத்திருந்தாள். ஒரு வேரை ஒடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அங்கேயே நின்று இரண்டு மூச்சு இழுத்தேன்.

சோடாக் கடை யாக்கோபுவிடம் போய் என் பக்குவத்தைச் சொன்னேன். அவன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், அதனால் வாயை அடக்கமாட்டான். "நீ குடிக்கறப்ப கள்ளுக்கடைக்காரன் பொழைச்சான். இப்பத் தெளிஞ்சு என்ற பொழப்பக் கெடுக்கப் பாக்கறயாக்கும்" என்றான். ஆனாலும் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தான். இஞ்சிச் சாற்றைப் பிழிந்தவுடன் ஊற்றக்கூடாது. கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். இத்தனை நாள் அந்த வெள்ளையைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாசி 11, புதன்

கண்டுபிடித்தேன்! கண்டுபிடித்தேன்!

கொல்லையில் கமலா வைத்த நாரத்தை மரம் நிற்கிறது. காய் இன்னும் பிடிக்கவில்லை. பிழிந்து வைத்த செம்பை அதன் கீழே வைத்துவிட்டு மாட்டைக் கட்டப் போனேன், வந்து பார்த்தால் ஒரு இலை விழுந்து கிடக்கிறது. எடுத்து எறியப் போனவன் சும்மா கசக்கிப் பார்த்தேன். என்ன வாசம்! உடனே நான்கு இலை பறித்து, நடு நரம்பைக் கிள்ளிவிட்டு, உப்போடு சேர்த்துக் கையால் கசக்கிப் போட்டேன். கத்தி வைத்து நறுக்கினால் இந்த வாசம் வராது, அதையும் செய்து பார்த்துவிட்டேன். புதினா நான்கு தழை. நன்னாரியைக் கருப்பட்டிப் பாகில் கொதிக்க வைத்து வடிகட்டியாயிற்று. எலுமிச்சையை முக்கால் பங்குதான் பிழிய வேண்டும், முழுதும் பிழிந்தால் தோல் கசப்பு இறங்கிவிடும். கொட்டை ஒன்றுகூட விழக்கூடாது.

குடித்துவிட்டு மரத்தடியிலேயே நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

மாசி 16, திங்கள்

மச்சான் வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல்தான் வருவார், அதுதான் பேச்சு. என் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்து பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வாழ்நாளில் கள் வாசனை ஏறாத மனுஷர். நான் ஒரு செம்பு கொடுத்தேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டார். என் வீட்டுச் செம்பின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

குழந்தையைக் கேட்டேன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்களாம். வலி குறைந்திருக்கிறதாம். "எடது கையிலயே சோறுண்ணப் பழகிப்போட்டாளுங்க மாப்பிள்ளை" என்றார். குத்திக் காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்கவில்லை.

அவர் வண்டி போனதும் கள்ளுக்கடைச் சந்து வரைக்கும் நடந்தேன். ஏன் நடந்தேன்? தெரியாது. பனை ஓலைக் கூரை தெரிகிற இடத்தில் நின்றேன். திரும்பி வந்து ஒன்பது எலுமிச்சையைப் பிழிந்தேன். குடிக்கக்கூட இல்லை. பிழிந்துகொண்டே இருந்தேன்.

மாசி 22, ஞாயிறு

இப்போது நான் தனியாகக் குடிப்பதில்லை! பொழுது சாய்ந்தால் கிணற்று மேட்டில் நாலு பேர், ஐந்து பேர். என் பெயரையே போட்டுப் பெயரும் வைத்துவிட்டார்கள், சென்னிமலைத் தண்ணி. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் இரண்டாவது செம்பு கேட்கும்போது யாரும் கிண்டல் செய்வதில்லை. மரமேறும் ரத்தினசாமிகூட வந்து ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா தலைக்கு ஒண்ணும் சொல்லலீங்களே என்றான். என் பனைகளில் கள் இறக்குகிறவன் அவன். அவனுக்குத் தண்ணீர் என்றால் தலைக்குச் சேதி சொல்ல வேண்டும்.

இன்று திருநீற்றுப்பச்சிலை விதையை ஊறப் போட்டுச் சேர்த்தேன். ஒவ்வொன்றும் கண் திறந்து பார்ப்பதுபோல மிதந்தது. மயிலா பார்த்தால் ஓடிவிடுவாள். இல்லை, எண்ணுவாள். எண்ணத்தான் செய்வாள்.

பங்குனி 8, செவ்வாய்

அம்மனுக்குப் பூச்சாட்டு இன்று, நோம்பிக்கு நாள் குறித்தாயிற்று. அடுத்த புதனுக்கு அடுத்த புதன் நோம்பி. இன்றிலிருந்து எந்த வீட்டிலும் தாளிதம் கிடையாது, யாரும் வெளியூர் போய்த் தங்கக்கூடாது, பொழுது சாய்ந்தால் கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆட்டம்.

ஆட்டம் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. இத்தனை பேர் வேர்க்க வேர்க்க ஆடிவிட்டு நேரே எங்கே போகிறார்கள்? அந்த ஓலைக் கூரைக்குத்தான். நானும் இருபது வருஷம் அப்படித்தான் போனேன். நோம்பியன்று கோயில் முன்னால் நான் பந்தல் போடப் போகிறேன். ஊரே குடிக்கட்டும். கமலா மாவிளக்கோடு வரும்போது நான் பந்தலில் நிற்க வேண்டும், கையில் செம்போடு, ஊர் பார்க்க! நினைத்தாலே கால் தரையில் நிற்கவில்லை.

ஒன்றுதான் இடிக்கிறது, பானை. வீட்டில் இருப்பது மொத்தம் மூன்று, அதில் ஒன்று ஒழுகல். குயவர் வீட்டுக்குப் போனேன். பூச்சாட்டு ஆகிவிட்டால் நோம்பி முடியும் வரை அவர்கள் சூளையில் அம்மனுக்கு எடுக்கும் தீச்சட்டி மட்டும்தான் வேகும். வேறு யாருக்கும் ஒரு மூடிகூடக் கிடையாது. இந்த ஊரில் பிறந்தவன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். நேற்றே போயிருக்க வேண்டும். நேற்று இஞ்சி சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பங்குனி 12, சனி

பானை கிடைத்துவிட்டது! ரத்தினசாமியிடம் பத்து மண்முட்டி சும்மா கிடந்தது. பாளையில் கட்டுகிறதைவிடப் பெரிது, கள்ளைச் சேர்த்து ஊற்றி வைக்கிற முட்டி. எடுத்துக்குங்க என்றான். என் சத்தியம் கள்ளைத் தொடமாட்டேன் என்றுதான், முட்டியைத் தொடமாட்டேன் என்றில்லையே. வைக்கோல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். முகர்ந்தால் மண் வாசம் மட்டும்தான்.

நோம்பிக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். இரண்டு முட்டியில் நிரப்பினேன். எலுமிச்சை, நன்னாரிப் பாகு, இஞ்சி, இலை எல்லாம் போட்டு வாயில் துணி கட்டிவிட்டேன். ஊறுகாய் ஊற ஊறத்தானே ருசி? இரண்டு நாள் ஊறட்டும்.

பங்குனி 13, ஞாயிறு

தொடாமல் இருப்பது பெரும் பாடு. முட்டி வாயில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சன்னமாக ஏதோ பேசுகிறது.

பங்குனி 14, திங்கள்

சோடா! சோடா! யாக்கோபுவின் மெஷினும் வேண்டாம், கோலியும் வேண்டாம், எலுமிச்சை தானாகவே சோடா ஆகிவிட்டது! துணியை அவிழ்த்தால் நுரை. நாக்கில் வைத்தால் சுருசுருவென்று கிள்ளுகிறது. புளிப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று கலந்து எது எதென்றே தெரியவில்லை. முதல் செம்பை நின்றபடியே குடித்தேன், இரண்டாவதை உட்கார்ந்து குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து மச்சான்! எப்போதும் வேண்டாம் என்கிறவர் இன்று நுரையைப் பார்த்ததும் எட்டிப் பார்த்தார். வெயிலில் வந்தவர். ஒரு செம்பு குடித்தார். உதட்டைத் துடைத்துவிட்டு இன்னொன்று கேட்டார்! "நெம்ப அருமையா இருக்குதுங்க மாப்பிள்ளை, உடம்பே லேசா இருக்குது" என்றார். நானும் கூடச் சேர்ந்து மூன்றாவது. மனிதர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, நீங்க திருந்திப்போட்டீங்க, தங்கச்சிகிட்ட நானே சொல்றேன், நோம்பிப் புதன்கிழமை நானே வண்டியில கூட்டியாறேன் என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். அவர் போன பிறகு நாலாவது செம்பும் குடித்தேன். மயிலா வருகிறாள், கமலா வருகிறாள், ஊரெல்லாம் சென்னிமலைத் தண்ணி, உலகம் நல்ல உலகம், இந்த எழுத்து ஏன் இப்படிச் சாய்கிறது, சாயட்டும்—

பங்குனி 15, செவ்வாய்

தலை கனக்கிறது.

ரத்தினசாமி காலையில் வந்தான். முட்டி வாயில் குனிந்து ஒரு மூச்சு இழுத்தான். சிரிக்கக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. "பண்ணாடி, எலுமிச்சங்காயிலயுங் கள்ளு எறக்கலாம்னு எங்கப்பனுக்கே தெரியாதுங்களே" என்றான்.

கழுவினேனே, காய வைத்தேனே என்றேன். எங்க முட்டியை எத்தனை கழுவினாலும் போகாது, மண்ணுக்குள்ளே ஊறிக் கிடக்கிறது, இனிப்பா எதை ஊத்தினாலும் அது வேலையைக் காட்டும், மரத்திலிருந்து வர்றதை இத்தனை வெரசாப் புளிக்க வைக்கிறதே அதுதான் என்று சொன்னான். இருபது வருஷம் குடித்தவன் நான். என் பனையில் இறக்கியதையே குடித்தவன். கள் என்றால் மரம் தருவது என்றே நினைத்திருந்தேன். முட்டிக்கும் அதில் பங்கு உண்டென்று ஒரு நாள் கேட்டதில்லை.

பனை மரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். எனக்கு நேர்மாறு. கள்ளைக் குடித்தேன், பார்த்தவர் பால் என்று சாட்சி சொல்லப் போயிருக்கிறார்.

யாக்கோபு வந்து இன்னொன்றும் சொன்னான். நேற்றுக் கோபாலபுரம் எல்லைச் சுங்கச் சவுக்கையில் மச்சான் வண்டியில் படுத்துக்கொண்டே பாடிப் போனாராம். கள்ளை எல்லை தாண்ட விடாமல் முட்டி முட்டியாக முகர்ந்து பார்க்கிற சேவகன், இவர் ஆறுமுகசாமி, இவருக்கு ஏது கள் என்று கும்பிட்டுப் போக விட்டானாம். யாக்கோபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போனதும் சிரிப்பு வேறாகிவிட்டது.

யாருக்கும் தெரியாது. ரத்தினசாமிக்குத் தெரியும், அவன் சொல்லமாட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நோம்பிப் புதனன்று கமலா வந்துவிடுவாள்.

பங்குனி 16, புதன்

தெரியாமல் குடித்தது குற்றமா? கற்பூரம் அணைத்த கை தெரியாமல் தொட்டால் அம்மன் கணக்கில் எடுப்பாளா? மாட்டாள். தாய்தானே அவள்.

சரி. ஆனால் தெரியாமலா?

முதல் செம்பு தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டாவதும் தெரியாது. மூன்றாவதை வாயில் வைத்தபோது காது மடல் சூடானது. அந்தச் சூடு எனக்குப் புதுசா? இருபது வருஷத்துச் சூடு. உள்ளே ஒருத்தன் எழுந்து உட்கார்ந்து, அடேய், வந்துட்டியா என்றான். எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காததுபோல் நாலாவதை ஊற்றினேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

பங்குனி 17, வியாழன்

நாளைக்கு அம்பராம்பாளையம் போகிறேன். வண்டி கட்டவில்லை, நடந்து.

பங்குனி 18, வெள்ளி

போய்விட்டு வந்தேன். பொழுதோடு திரும்பிவிட்டேன், பூச்சாட்டுச் சாட்டிய ஊரை விட்டு வெளியே தங்கக்கூடாதே.

வாசலில் மயிலா இருந்தாள். கையில் பத்தைக் கட்டு. இடது கையால் மணலில் அ எழுதிக் காட்டினாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அப்பா, எலுமிச்சைத் தண்ணி கொண்டாந்தீங்களா என்று கேட்டாள். மாமன் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கையை விரித்துக் காட்டினேன்.

கமலா கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் வாங்க வாங்க என்று எழுந்தார். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும், நின்றுகொண்டே சொன்னேன். "கமலா, நான் குடிச்சுப்போட்டேன்."

மச்சான் எனக்காகச் சண்டைக்கு வந்துவிட்டார். இல்லை அம்முணி, நான் கண்ணால பார்த்தேன், நல்ல தண்ணி, நானும் இரண்டு செம்பு குடிச்சேன் என்று அவளிடம் சாதித்தார். "அதுவுங் கள்ளுத்தானுங்க மச்சான்" என்றேன். முட்டிக் கதையைச் சொன்னேன். மனிதருக்கு முகம் வெளுத்தது. சவுக்கையில் பாடினதெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். விறுவிறுவென்று எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். நாலு நாள் கழித்து! கமலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாள்! அங்கேயே நிறுத்திவிட்டால் என்ன என்று மனசு கெஞ்சியது.

நிறுத்தவில்லை. முதல் இரண்டும் தெரியாமல் குடித்தேன், மூன்றாவதிலேயே தெரிந்துவிட்டது, தெரிந்துதான் நாலாவது குடித்தேன் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மடியிலிருந்த கடலைத் தொலியை உதறினாள். பிறகு கேட்டாள். "சொல்லாம இருந்திருந்தா நான் புதன்கெழம வந்திருப்பனுங்களே?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா நடந்து வந்து சொல்றீங்க?"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பப் போகும்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "இன்னைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. ஒரு மண்டலம். நோம்பிக்கு நான் வரலீங்க."

நாற்பத்தெட்டு நாள். எழுபது நாளை நெருங்கியவன் ஒன்றில் நிற்கிறேன். திரும்பி நடக்கும்போது ஆற்றுப் பாலத்தில் நின்று அழுதேன். ஆனால் ஒன்று, வீட்டுக்கு வந்ததும் பசித்தது. நாலு நாளாகப் பசிக்கவேயில்லை.

பங்குனி 20, ஞாயிறு

பந்தலை விடுவதா? விடமாட்டேன். கள் புளிக்காமல் தெளுவாக, பதநீராகவே இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவார்களே, அதைச் செய்யுங்க என்றான் ரத்தினசாமி. செய்தேன். எலுமிச்சை சீறிப் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. அடங்கிய பிறகு குடித்துப் பார்த்தால் புளிப்புச் செத்துவிட்டது, சுண்ணாம்புத் தண்ணீர்தான் மிச்சம். பத்து முட்டியையும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புத்தி வந்தது. இது ஊறுகாய் இல்லை. பிழிந்த பொழுதே குடிக்க வேண்டியது. பாகு மட்டும் அன்று காலையில் காய்ச்சலாம், மற்றதெல்லாம் ஆள் வந்து நிற்கும்போது கண் முன்னால் பிழிந்து கொடுக்க வேண்டும். ஆனால் எதில்? மூன்று பானை, ஒன்று ஒழுகல்.

பங்குனி 22, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மச்சான் வண்டியில் வந்தார். வண்டி நிறைய ஒரு பித்தளை அண்டா. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். உள்ளே பளபளவென்று புதுசாக ஈயம் பூசியிருந்தது, எலுமிச்சை பட்டால் களிம்பு ஏறாமல் இருக்க. பூச்சாட்டுக் காலத்தில் ஈயம் பூசுகிறவனை எங்கே பிடித்தார்கள்? பொள்ளாச்சியிலிருந்து கூட்டி வந்தார்களாம். யார் சொல்லி என்று கேட்டேன். மச்சான் மாட்டுக் கழுத்தைத் தட்டிக்கொண்டே, தங்கச்சி குடுத்து உட்டா என்றார்.

நோம்பி முடிந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. அண்டா அங்கயே கெடக்கட்டும்னு சொன்னா."

அங்கேயே கிடக்கட்டும். அங்கேயே! நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பங்குனி 23, புதன்

நோம்பி. இருநூறு எலுமிச்சைக்கு மேல் போயிருக்கும். விரல் இடுக்கெல்லாம் எரிகிறது. மச்சான் என் பக்கத்தில் நின்று இஞ்சி வடிகட்டினார். செம்பு நீட்டும் முன்னால் ஒவ்வொரு தடவையும் அவரே முகர்ந்து பார்த்தார். யாக்கோபு இரண்டு சோடாப் பெட்டி கொண்டுவந்து சேர்த்து ஊற்றினான், என் போட்டிக்காரனை நானே வளர்க்கறேன் என்று புலம்பிக்கொண்டே. ரத்தினசாமி மூன்று செம்பு குடித்தான். தலைக்குச் சேதி வரவில்லை என்றாலும் நாக்குக்கு வந்ததாம்.

கம்பம் பிடுங்கும்வரை ஆடிவிட்டு வந்தவர்களில் கள்ளுக்கடைப் பக்கம் போனவர்களும் உண்டு. பந்தலுக்கு வந்தவர்களும் உண்டு. சிலர் இரண்டு இடத்துக்கும் போனார்கள்.

மாவிளக்கு எடுத்து வந்த பெண்கள் வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வரமாட்டேன் என்றுதானே சொன்னாள். தெரிந்தும் பார்த்தேன். ஆறாம் நாள் இன்று.

ஸ்ரீமுக வருஷம், சித்திரை 1, வியாழன்

பதினாலு. புது வருஷத்துக்கு வேப்பம்பூவும் எலுமிச்சையும் சேர்த்துப் பார்த்தேன். கிணற்று மேட்டில் ஒருத்தரும் இரண்டாம் செம்பு கேட்கவில்லை.

சித்திரை 17, சனி

முப்பது. இன்று மாலை கைக்குச் செம்பு ஞாபகமே வரவில்லை. கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவன் இருட்டிய பிறகுதான் நினைத்தேன். நாரத்தையில் ஒரு பூ.

வைகாசி 4, புதன்

நாற்பத்தெட்டு. போய்க் கூட்டி வரலாமா? கூப்பிடாமல் போகலாமா? அண்டாவைத் துலக்கி வைத்தேன்.

வைகாசி 6, வெள்ளி

நேற்று வந்தார்கள்.

வண்டியிலிருந்து இறங்கின கமலா நேரே அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு பானையாக முகர்ந்தாள். ஒழுகல் பானையைத் தூக்கி வெளியே போட்டாள். கொல்லைக்குப் போய் நாரத்தை மரத்தை அண்ணாந்து பார்த்து, இலையெல்லாம் எங்கீங்க போச்சு என்று கேட்டாள். மொட்டையாகத்தான் நிற்கிறது பாவம்.

இன்று பொழுது சாயும் நேரத்தில் ஏழு எலுமிச்சையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மயிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் பிழியறேனுங்கப்பா என்றாள். கட்டு அவிழ்த்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. முழங்கைக்குக் கீழே எலும்பு லேசாகக் கோணலாகக் கூடியிருக்கிறது, கை இன்னொன்றைவிட மெலிவு. இடது கையில் பிழி கண்ணு என்றேன். அவள் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையில் பிழிந்தாள். முதல் மூடியில் நாலு சொட்டுதான் வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏழு காய்க்கும் வெகு நேரம் ஆயிற்று. ஒரு கொட்டை விழவில்லை.

மூன்று செம்பு வைத்தேன். கமலா தன் செம்பை எடுத்து முதலில் முகர்ந்தாள், பிறகுதான் குடித்தாள். முகரட்டும். ஆயுசுக்கும் முகரட்டும்.

உப்புப் போட மறந்திருக்கிறேன். மூன்று பேரும் குடித்து முடித்தோம், யாரும் சொல்லவில்லை.